கம்பஸ் பிள்ளைகள் வந்த பிறகு வகுப்பில எனக்கு என்ன வேலை? ஒரு விஞ்ஞான டீச்சரின் கடிதம்

இந்த முறை வந்ததுல ஆக நீளமான கடிதம் கொழும்பு வடக்குப் பக்கம் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலையில படிப்பிக்கிற விஞ்ஞான டீச்சர் ஒருவருடையது. பேர், பாடசாலை, கம்பஸ் எதையும் போட வேணாம் என்டு கேட்டிருக்கிறா, போடல்ல. கையால ஒன்பது பக்கம் எழுதி அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, நான் சுருக்கித் தாறேன்.

வயசு 46. கல்வியியற் கல்லூரியில படிச்சு வெளிய வந்து 22 வருசமா படிப்பிக்கிறா, இப்ப 9, 10, 11ஆம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம். ஏ.எல்.ல உயிரியல் செய்தவ, அதால தாவரம், சமிபாடு, சூழல் எல்லாம் தண்ணி பட்ட பாடு, ஆனா மின்னியல் வந்தா ஆசிரியர் வழிகாட்டியில இருக்கிறதைக் கரும்பலகைக்கு மாத்திக் குடுத்திட்டு அடுத்த பாடத்துக்குப் போறது தான் வழக்கமாம். இந்த வருசம் தை மாசத்தில இருந்து ஒவ்வொரு புதனும் கம்பஸ்ல இருந்து ஆறு பேர் வந்து 10ஆம் வகுப்புக்கு ரெண்டு பீரியட் பிராக்டிகல் செய்து காட்டுறாங்க. பிரின்சிபல் ஸ்டாஃப் மீட்டிங்ல சும்மா அறிவிச்சாராம், டீச்சரை ஒரு வார்த்தை கேக்கல்ல. வந்த ஆறு பேர்ல ஒருத்தர் டீச்சர்ட பழைய மாணவன், ஓ.எல்.லுக்கு இவவிட்டத் தான் படிச்சவர்.

ரெண்டாவது கிழமை டீச்சர் கரும்பலகையில சுற்று ஒன்டு கீறி, ரெண்டு பல்பைத் தொடரா, அதாவது ஒன்டுக்குப் பின்னால ஒன்டா போட்டா முதல் பல்ப் கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்திடும், அதால ரெண்டாவது மங்கலா எரியும் என்டு சொல்லியிருக்கிறா. பழைய மாணவன் பின்னால இருந்து "மிஸ், அது அப்பிடி இல்ல" என்டு எழும்பி வந்து பக்கத்தில சமன்பாடு எழுதிக் காட்டியிருக்கிறார். 38 பிள்ளைகள், கடைசி வாங்கில இருந்து சிரிப்பு. அன்டையில இருந்து புதன்கிழமை அந்த ரெண்டு பீரியடும் டீச்சர் ஸ்டாஃப் ரூம்ல கொப்பி திருத்துறா. போன மாசம் ஒரு பிள்ளை அவங்க கொண்டு வந்த லிதியம் பட்டரியை வயரால ஷோர்ட் பண்ணி ரெண்டு விரல் நுனி கொப்பளிச்சிட்டுது. யாரோ பற்பசை பூசியிருக்கிறாங்க. பிரின்சிபல் கேட்ட முதல் கேள்வி "நீங்க எங்க நின்டீங்க?" தகப்பன் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதப் போறேன் என்டு சொல்றாராம். ஒரு சக டீச்சர் "உள்ள தான் நின்டேன் என்டு எழுதிக் குடுங்க" என்டு புத்தி சொல்லியிருக்கிறா. இதுக்கு மேல, கம்பஸ் பிள்ளைகள் பேஸ்புக்ல போட்ட வீடியோவுக்குக் கீழ "வாழ்க்கையில முதல் தடவையா பிராக்டிகல் பாக்கிற பிள்ளைகள்" என்டு ஒரு வரி.

மூன்டு கேள்வி கேட்டிருக்கிறா. இந்தத் திட்டத்தை நிப்பாட்டச் சொல்லி எழுதலாமா? விரல் சுட்டதுக்கு என்ட வேலைக்கு என்ன நடக்கும்? நான் இடமாற்றம் கேக்கவா, இல்லாட்டி 6ஆம் வகுப்புக்கு இறங்கவா?

டீச்சர், உங்கட ஒன்பது பக்கத்திலயும் "எனக்கு அந்தப் பாடம் சரியா விளங்கல்ல" என்டு ஒரு இடத்திலயும் இல்ல. "எங்கட காலத்தில அப்பிடித்தான் சொல்லித் தந்தாங்க", "வழிகாட்டியில அப்பிடித்தான் இருந்த ஞாபகம்", "படிக்க எங்க நேரம்" என்டு மூன்டு விதமா சுத்தி வந்திருக்கிறீங்க. குத்திக் காட்டச் சொல்லல்ல. உளவளத்துணைக்கு வர முதல் நானும் 11 வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சவ, ஒரு நாள் ஐதரசன் வாயு செய்து எரியிற குச்சியைக் கிட்டக் கொண்டு போக "பொப்" என்டு சத்தம் வரும் என்டு பெரிசா சொல்லிட்டு நாலு தரம் குச்சி பத்தவெச்சும் ஒரு சத்தமும் வரல்ல, பின்னால ஒரு பெடியன் வாயால "பொப்" என்டான். அன்டைக்கு நான் பிள்ளைகளிட்ட சொன்னது "அமிலம் பழசு" என்டு. உண்மையில எனக்குக் காரணம் தெரியாது. அந்தப் பொய்யோட ரெண்டு வருசம் அந்தப் பரிசோதனையைத் தொடாமலே இருந்தேன். நீங்க ஸ்டாஃப் ரூம்ல கொப்பி திருத்துறதும் அதே வேலை தான்.

முதல்ல அந்த பல்ப் விசயம்

இதைத் தீர்க்காம மத்ததைக் கதைக்க ஏலாது. உங்கட பழைய மாணவன், அந்தத் தம்பி சொன்னது சரி. தொடர் சுற்றில எந்த இடத்தில அளந்தாலும் மின்னோட்டம் ஒரே அளவு, முதல் பல்புக்கு முன்னால, ரெண்டுக்கும் நடுவில, ரெண்டாவதுக்குப் பிறகு, மூன்டு இடத்தில மின்னோட்டம் அளக்கிற அம்பியர்மானியை வெச்சாலும் ஒரே வாசிப்புத் தான். பல்ப் மின்னோட்டத்தைத் தின்னுறதில்ல, சக்தியைத் தான் வெளிச்சமாவும் சூடாவும் மாத்துது. சைக்கிள் செயினை நினைச்சுப் பாருங்க, செயின் சுத்திச் சுத்தித் திரும்பி வருது, ஒரு கண்ணியும் குறையிறதில்ல, களைக்கிறது மிதிக்கிற ஆள் தான். ஒரே மாதிரி ரெண்டு பல்ப் என்டா ரெண்டும் ஒரே அளவு எரியும், தனி ஒரு பல்ப் போட்டதை விட ரெண்டும் மங்கலா எரியும்.

ஆனா ஒன்டு. முதல் பல்ப் கூட எரியிறதை நீங்க எப்பவாவது உண்மையிலயே கண்ணால பாத்திருக்கலாம். கடையில ஒரே பெட்டியில வாங்கின டோர்ச் பல்ப் ரெண்டு கூட அச்சு அசலா ஒன்டு போல இருக்காது, தடையில சின்ன வித்தியாசம் இருக்கும், அதால ஒன்டு கொஞ்சம் பிரகாசமா தெரியும். உங்கட விளக்கம் சரியா என்டு பாக்க ரெண்டு பல்பையும் இடம் மாத்திப் போட்டா முடிஞ்சுது. பிரகாசம் இடத்தோட நிக்குதா, பல்போட போகுதா? பல்போட தான் போகும்.

மற்றது, இது உங்கட தனிப் பிழை இல்ல. மின்னோட்டம் வழியில செலவாகுது என்ட எண்ணம் உலகம் முழுக்க பிள்ளைகளிட்டயும் படிச்ச பெரியவங்களிட்டயும் இருக்கு என்டு விஞ்ஞானக் கல்வியில ஆராய்ச்சி செய்றவங்க 1980கள்ல இருந்தே எழுதுறாங்க. "பட்டரி முடிஞ்சு போச்சு" என்டு தானே வீட்டில சொல்றம், அப்ப ஏதோ ஒன்டு செலவாகுது என்டு பிள்ளை நினைக்கிறது நியாயம் தானே. இப்ப யோசிச்சுப் பாருங்க, தம்பி சமன்பாடு எழுதிக் காட்டினதால அந்த 38 பேர்ல எத்தனை பேர் மனசை மாத்தியிருப்பாங்க? என்ட கணிப்புக்கு நாலஞ்சு பேர் வந்தா பெரிய காரியம். மத்தவங்க வீட்டுக்குக் கொண்டு போனது மிஸ் பிழை விட்ட கதையை. அவருக்குச் சரியான விடை தெரியும், ஆனா பிள்ளை ஏன் பிழையா நினைக்குது என்டு அவருக்குத் தெரிய வாய்ப்பில்ல. உங்களுக்குத் தெரியும், ஏன் என்டா அன்டைக்கு வரைக்கும் நீங்களும் அப்பிடித்தான் நினைச்சீங்க. சிரிக்காதீங்க, படிப்பிக்கிறவருக்கு இது பெரிய சொத்து.

உதவி யாருக்கு?

உங்கட பிரச்சினைக்கு வேர் இங்க தான் என்டு நான் நினைக்கிறேன். கம்பஸ் பிள்ளைகள் பாடசாலைக்கு வர்றது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவா, டீச்சருக்குக் கை குடுக்கவா? உங்கட பாடசாலையில யாரும் இதைக் கேக்கவே இல்ல. அவங்க நேரா பிள்ளைகளிட்டப் போனாங்க, நீங்க ஒதுங்கினீங்க, பிரின்சிபல் போட்டோவுக்கு நின்டார்.

ஃபிரான்ஸ்ல இதே மாதிரி ஒன்டு இருக்கு. பௌதிகவியலுக்கு 1992ல நோபல் பரிசு எடுத்த ஜோர்ஜ் ஷார்பாக் 1996ல தொடங்கி வெச்சது, பேர் 'லா மான் அ லா பாத்', மாவில கை வைக்கிறது என்டு அர்த்தம், நாங்க களத்தில இறங்குறது என்டு சொல்ற மாதிரி. அங்க ஆரம்பப் பாடசாலை டீச்சர்மார்ல நிறையப் பேர் விஞ்ஞானம் படிச்சு வந்தவங்க இல்ல, பரிசோதனை என்டாலே பயம். அதால விஞ்ஞானமும் பொறியியலும் படிக்கிற கம்பஸ் மாணவர்கள் வகுப்புக்குத் துணையா போறாங்க. ஆனா வகுப்பை நடத்துறது டீச்சர் தான், மாணவர் பக்கத்துணை, டீச்சர்ட இடத்தை அவர் எடுக்கக் கூடாது என்டு தெளிவா வெச்சிருக்கிறாங்க. இன்னொரு விசயமும் எனக்குப் பிடிக்கும், அங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பரிசோதனைக் கொப்பி இருக்கு, அதில பிள்ளை தன்ட சொல்லில தான் நினைச்சதையும் கண்டதையும் எழுதும். அமெரிக்காவிலயும் தேசிய விஞ்ஞான அமைப்பு 1999ல பட்டப்பின்படிப்பு மாணவர்களைப் பாடசாலை டீச்சர்மாரோட சேத்து வேலை செய்ய விட்டு ஒரு திட்டம் நடத்தினது. அதில ஒரு நோக்கம் அந்த ஆராய்ச்சி மாணவர்கள் தங்கட பாடத்தைச் சாதாரண ஆளுக்கு விளங்கக் கதைக்கப் பழகணும் என்டது, அதாவது உதவி ரெண்டு பக்கமும் ஓடுது.

எங்கட ஊருக்கு இதை மாத்திப் பாத்தா பெரிசா ஒன்டும் இல்ல. செவ்வாய்க்கிழமை 1.30க்கு பாடசாலை விட்ட பிறகு லெப்ல ஒரு மணித்தியாலம் நீங்களும் அவங்கள்ல ரெண்டு பேரும், பிள்ளைகள் இல்லாம. அடுத்த நாள் செய்யப் போற பரிசோதனையை முதல்ல நீங்க உங்கட கையால செய்யணும். வயரைப் பிழையா போடுங்க, முட்டாள்தனமா தெரியிற கேள்வியை எல்லாம் அங்க கேளுங்க, அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க, சிரிச்சாலும் ரெண்டு பேர் தான். புதன்கிழமை வகுப்பை நீங்க நடத்துங்க, அவங்க மேசை மேசையா போய்ப் பிள்ளைகளுக்கு உதவட்டும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில நீங்க குடுக்கிறதும் இருக்கு. கம்பஸ்ல விஞ்ஞானமும் பொறியியலும் இங்கிலிஷ்ல தான், மூன்டு வருசம் போனா தமிழ் மீடியத்தில படிச்ச பிள்ளைக்கே "அழுத்த வித்தியாசம்", "தடையி" எல்லாம் மறந்து வோல்டேஜ், ரெசிஸ்டர் தான் வாயில வரும். ஓ.எல். வினாத்தாள்ல அழுத்த வித்தியாசம் என்டு தான் இருக்கும். எந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வேணும், எந்தப் பிள்ளை காலையில சாப்பிடாம வருது, யாரையும் யாரையும் ஒரே குழுவில போடக் கூடாது, இதெல்லாம் அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆர்டுயினோ என்ட சின்னக் கணினிப் போர்டை எப்பிடி புரோகிராம் பண்றது என்டு அவங்களிட்ட நீங்க படிச்சா, 40 நிமிசத்தில 38 பேரை எப்பிடி நடத்துறது என்டு உங்களிட்ட அவங்க படிக்கட்டும்.

விரல் சுட்ட விசயம்

சுட்ட இடத்தில பற்பசை பூசக் கூடாது. குழாய்த் தண்ணியை 20 நிமிசம் ஓட விட்டு அதுக்குள்ள பிடிக்கிறது தான் சரி, பிறகு கொப்பளிச்சா டொக்டரிட்டக் காட்டணும். லெப் சுவரில எழுதி ஒட்டுங்க. லிதியம் பட்டரி உள்தடை மிகக் குறைஞ்சது, வயரால ரெண்டு முனையையும் தொடுத்தா பெரிய மின்னோட்டம் பாயும், வயர் நெருப்பா கொதிக்கும், பட்டரியே தீப்பிடிக்கலாம். சாதாரண டோர்ச் பட்டரியும் ஷோர்ட் பண்ணினா சூடாகும் தான், ஆனா அந்த அளவுக்கு இல்ல. 10ஆம் வகுப்புக்கு 1.5 வோல்ட் பட்டரி நாலு தாராளம்.

இனி உங்கட பயம். ரெண்டு பிழையான எண்ணம் உங்கட கடிதத்தில இருக்கு. "பிராக்டிகல் எடுத்தது அவங்க, அப்ப பொறுப்பும் அவங்கட தானே" என்டு ஒரு இடத்தில எழுதியிருக்கிறீங்க. அப்பிடி இல்ல. டைம்டேபிள்ல உங்கட பேர் இருக்கிற பீரியட் உங்கட பீரியட், வந்தவங்க விருந்தாளிகள், அவங்களை உள்ள விட்ட பிரின்சிபலுக்கும் பங்கு இருக்கு, பட்டரியைக் கொண்டு வந்தவங்களுக்கும் பங்கு இருக்கு, ஆனா உங்கட பங்கு இல்லாமப் போகாது. மத்த இடத்தில "22 வருச சேர்விஸ் இதோட முடிஞ்சுது" என்டு எழுதியிருக்கிறீங்க. அதுவும் இல்ல. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரலாம், எச்சரிக்கை வரலாம். சின்னக் காயம் ஒன்டுக்கு, உண்மையைச் சொல்ற டீச்சரை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க என்டு நினைச்சு நித்திரையைக் கெடுக்க வேணாம்.

உண்மையைச் சொல்ற டீச்சர் என்டு ஏன் சொன்னேன் என்டா, சக டீச்சர் சொன்ன புத்தியைத் தயவு செய்து கேக்காதீங்க. 38 சாட்சி இருக்கு, வீடியோ வேற இருக்கு. ஸ்டாஃப் ரூம்ல இருந்தது ஒரு கவனக்குறைவு, உள்ள நின்டேன் என்டு எழுதிக் கையெழுத்து வெச்சா அது பொய் அறிக்கை, ரெண்டும் ஒரே எடை இல்ல. நடந்ததை நாள், நேரத்தோட ஒரு பக்கத்தில எழுதி பிரின்சிபலுக்குக் குடுத்து ஒரு கொப்பி உங்களிட்ட வெச்சுக்கொள்ளுங்க. உங்களைக் கேக்காமலே திட்டம் தொடங்கினதையும் அதில ஒரு வரி எழுதலாம், குற்றச்சாட்டா இல்லாம நடந்ததா எழுதுங்க. வலயத்தில இருந்து எழுத்தில விளக்கம் கேட்டா அன்டைக்கு இரவே பதில் எழுத வேணாம், உங்கட தொழிற்சங்கத்து ஆளுக்கோ வழக்கறிஞர் ஒருத்தருக்கோ காட்டிட்டு எழுதுங்க, அந்த இடத்தில என்ட ஆலோசனை போதாது.

அதுக்கெல்லாம் முதல் அந்தத் தகப்பனைப் போய்ப் பாருங்க. பிள்ளைட கை எப்பிடி என்டு கேக்க மட்டும் போங்க. "நான் அந்த நேரம் வகுப்பில நிக்கல்ல, நின்டிருக்கணும்" என்டு சொல்லுங்க. கடிதத்தில ஒரு இடத்திலயும் அந்தப் பிள்ளைட பேரோ, கை ஆறிட்டுதா என்டோ இல்ல டீச்சர். பயத்தில மறந்திருப்பீங்க என்டு விளங்குது. ஆனா தகப்பன் கோவமா இருக்கிறது அதுக்காகவும் இருக்கலாம்.

நிப்பாட்டச் சொல்லி எழுதலாமா?

எழுதலாம், தடை ஒன்டும் இல்ல. உங்கட வகுப்பில என்ன நடக்குது என்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, உங்களைக் கேக்காதது பிழை, அந்தக் கோவம் நியாயமானது. ஆனா இந்த மாசம் எழுதினா எல்லாரும் அதை எப்பிடி வாசிப்பாங்க? பிழை பிடிபட்ட டீச்சர் பழி வாங்குறா என்டு. மற்றது, நட்டம் யாருக்கு? வெள்ளவத்தைப் பக்கம் பெரிய டியூஷன் கிளாசுக்குக் காசு கட்டி அனுப்ப ஏலாத வீட்டுப் பிள்ளைகள் தானே உங்கட வகுப்பில. ஏ.எல்.ல தொழில்நுட்பப் பிரிவு என்டு ஒன்டு 2013ல வந்தது, பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் எல்லாம் செய்து கம்பஸ் போகலாம் என்டு அந்தப் பிள்ளைகள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? தங்கட தெருவில இருந்து கம்பஸ் போன ஒரு அண்ணாவைக் கண்ணால பாக்கிறதே அவங்களுக்கு ஒரு பாடம். அந்த அண்ணாவை உருவாக்கினதில நீங்களும் ஒரு ஆள், அதை மறந்திட்டீங்க.

அதால நிப்பாட்டுறதுக்குப் பதிலா பிரின்சிபலிட்ட ஒரு பக்க உடன்படிக்கை கேளுங்க. நீங்க இல்லாம வகுப்பு நடக்காது. என்ன சாமான் வரும் என்டு முதல் நாளே லிஸ்ட் தரணும், லிதியம் பட்டரியும் 230 வோல்ட் கரண்டும் பிள்ளைகள்ட மேசைக்கு வராது. பிள்ளைகளோட தனித்தனியா வாட்ஸ்அப்ல கதைக்கிறது இல்ல, குரூப் வேணும் என்டா நீங்களும் அதில இருக்கணும், இது சந்தேகத்தில சொல்றதில்ல, 15 வயசுப் பிள்ளைகளும் 22 வயசுப் பிள்ளைகளும் என்டா ரெண்டு பக்கத்துக்கும் அது தான் பாதுகாப்பு. கம்பஸ் எக்சாம், ஸ்டிரைக் என்டு வராத கிழமையை முன்கூட்டியே சொல்லணும், ஏன் என்டா ஆறு கிழமை காணாமப் போறது இவங்களுக்குப் புதுசில்ல. கடைசியா, கிட் எல்லாம் பாடசாலையில இருக்கணும், சாவி உங்களிட்ட. அவங்க பட்டம் முடிச்சுப் போன பிறகும் அலுமாரியில ஏதாவது மிஞ்சணும், உங்கட கையில அந்தப் பழக்கமும் மிஞ்சணும்.

வீடியோவும் அந்த ஒரு வரியும்

அந்த வரியில உங்களுக்கு வலிச்சது எனக்கும் வலிச்சுது. லெப் அலுமாரி ஏன் பூட்டிக் கிடக்கு என்டு அவங்களுக்குத் தெரியாது. ஒரு பீக்கர் உடைஞ்சா வருசக் கடைசியில சாமான் கணக்கெடுக்கிற நேரம் யார் பதில் சொல்றது? 40 நிமிசத்தில 38 பிள்ளைகளை லெப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரவே பாதி பீரியட் போயிடும். ஓ.எல். விஞ்ஞானத்துக்குத் தனிச் செய்முறைப் பரீட்சையும் இல்ல, 40 பல்தேர்வும் எழுத்து வினாவும் தான், அதால பாடத்திட்டத்தை முடிச்சியா என்டு தான் எல்லாரும் கேப்பாங்க. இந்தக் காரணம் எல்லாம் உண்மை. ஆனா டீச்சர், அந்த வரியும் பாதி உண்மை தானே. 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் உங்கட லெப்ல கடைசியா எப்ப கை வெச்சாங்க என்டு நீங்க எழுதல்ல.

வீடியோவை எடுக்கச் சொல்லுங்க, அது சரி. பெற்றோர்ட அனுமதி எழுத்தில இல்லாம பிள்ளைகள்ட முகத்தைப் பொதுவில போடுறது பிழை, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ல சட்டமே கொண்டு வந்திருக்கு. ஆனா சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீங்க, பிரின்சிபல் ஊடா கேளுங்க, பெரும்பாலும் ஒரு மெசேஜோட எடுத்திடுவாங்க. இருபது வயசுல நாங்களும் உலகத்தை மாத்தப் போறோம் என்டு தானே போஸ்டர் ஒட்டினம்.

தம்பியோட கதைக்கிறது

இது தான் உங்களுக்கு ஆகக் கஷ்டமா இருக்கப் போகுது. மத்த ஐந்து பேரோட இல்ல, அவரோட மட்டும். கென்டீன்ல ஒரு பிளேன்டி குடிச்சுக்கொண்டு கதைச்சாப் போதும். "மகன், அன்டைக்கு நீ சொன்னது சரி, நான் பிழையா விளங்கி வெச்சிருந்தேன். ஆனா பிள்ளைகளுக்கு முன்னால எழும்பி வந்ததுல எனக்குப் பெரிய வெக்கமாப் போச்சு, அதால தான் நான் உள்ள வாறதில்ல. இனி ஏதும் பிழை கண்டா ஒரு துண்டில எழுதித் தா, நானே பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்றேன்." ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. முதலாவதை மட்டும் சொன்னா உள்ளுக்குள்ள புழுங்குவீங்க, ரெண்டாவதை மட்டும் சொன்னா அவர் தன்னைக் குற்றம் சொல்றதா நினைப்பார். என்ட அனுபவத்தில பழைய மாணவர்களுக்கு மிஸ் முகம் குடுக்காம இருக்கிறது பெரிய தண்டனை, அவரும் புதன்கிழமை ஸ்டாஃப் ரூம் கதவைப் பாத்துக்கொண்டு தான் போயிருப்பார்.

இடமாற்றம், 6ஆம் வகுப்பு

வருடாந்த இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறது உங்கட உரிமை, வீடு தூரம், அம்மாவைப் பாக்கணும் என்டு காரணம் இருந்தா போடுங்க. ஆனா வெக்கத்தைக் காரணமா வெச்சுப் போடாதீங்க, அடுத்த பாடசாலையிலயும் 10ஆம் வகுப்பு இருக்கு, அங்கயும் மின்னியல் இருக்கு. 6ஆம் வகுப்புக்கு இறங்குறதைப் பத்தி ஒன்டு, 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் கேக்கிற கேள்வி தான் ஆகக் கஷ்டம். "அப்ப பட்டரி ஏன் மிஸ் முடியுது?" என்டு கேக்கிறது அவங்க தான். மின்னோட்டம் செலவாகல்ல, பட்டரிக்குள்ள இருக்கிற இரசாயனப் பொருள் மாறி முடியுது, அதால தள்ளுற சக்தி குறையுது என்டு சொல்லத் தெரிஞ்சிருக்கணும். உங்களுக்கு இப்ப தெரியும்.

வாற புதன்கிழமைக்கு

சமன்பாடு வேணாம், ஆர்டுயினோவும் வேணாம். ஒரு பட்டரிப் பெட்டி, ரெண்டு பல்ப், ஒரு அம்பியர்மானி. கரும்பலகையில அந்தப் பழைய சுற்றையே திரும்பக் கீறுங்க. "போன தரம் மிஸ் ஒன்டு சொன்னேன், அண்ணா வேற ஒன்டு சொன்னார், இன்டைக்கு யார் சரி என்டு பாப்பம்" என்டு சொல்லுங்க. அளக்க முதல் மூன்டு இடத்தையும் காட்டி எங்க கூட இருக்கும் என்டு ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில எழுதட்டும், கையும் உயர்த்தட்டும், எண்ணிக்கையைக் கரும்பலகையில போடுங்க. பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அளக்க விடுங்க, ஏலும் என்டா அந்த விரல் சுட்ட பிள்ளையை, அதுக்குப் பயம் இல்லாட்டி மட்டும். தம்பி பக்கத்தில நின்டு வயரைப் பிடிக்கட்டும். மூன்டு வாசிப்பும் ஒன்டு என்டு வந்ததும் நீங்க ஒன்டும் சொல்லாதீங்க, ஒரு நிமிசம் அவங்களைக் கதைக்க விடுங்க. பிறகு பல்பை இடம் மாத்துங்க.

சாமான் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கிடைக்கும். செவ்வாய்க்கிழமைக்கு முதல் வாங்கி நீங்களே ஒரு தரம் போட்டுப் பாருங்க, பல்ப் மட்டும் ரெண்டு மேலதிகமா வாங்குங்க, எப்பிடியும் ஒன்டு எரியாது.